காசுமாலைக்கு உயிர்ச் சான்று

கண்ணையன் தன் மனைவியிடம் சொன்ன பொய் மொத்தமே ஒன்றுதான். அதை இருபத்திரண்டு வருடம் சொன்னார் என்பது வேறு விஷயம்.

ரெட்டிபாளையத்து வீட்டில் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் தளம் போட்ட வருடம் அது. சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் இருந்த மனுஷன், ஊருக்கெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டுத் தன் வீட்டுத் தளத்துக்குக் காசில்லாமல் நின்றார். சுந்தராம்பாள் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்குத் தன் அம்மா போட்ட எட்டுப் பவுன் காசுமாலையை எடுத்தாள். கொடுக்காமல் வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"அடகுதானே வைக்கிறீங்க?"

"அடகுதான். அரியலூர் பேங்குல."

"உரசியெல்லாம் பாப்பாங்களோ?"

"பாத்தா என்ன? உங்கம்மா வூட்டுத் தங்கம்தானே?"

அவள் மாலையை அவர் கையில் வைத்துவிட்டு, நிமிராமல் பெட்டியை மூடினாள். மாலையைப் பிரிகிற துக்கம் என்று கண்ணையன் நினைத்துக்கொண்டார்.

வட்டி கட்டி மாளாது என்ற நினைப்பு பஸ்ஸில் போகும்போதே வந்துவிட்டது. அரியலூரில் இறங்க வேண்டியவர் பெரம்பலூர் போய் இறங்கினார். ஒரு நகைக்கடையில் மாலையை முப்பத்தேழாயிரத்துக்கு விற்றார். விற்கும்போது ஒரு தகராறு. கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டாவதாக இருந்த காசைத் தனியாகத் தூக்கிக் காட்டி, "இது மட்டும் கவரிங்குங்க" என்று தொள்ளாயிரம் ரூபாயைக் குறைத்தார். கண்ணையன் அவரைக் கடையிலிருந்த பத்துப் பேர் கேட்கத் திருடன் என்று திட்டிவிட்டுத்தான் பணத்தை வாங்கினார். அதற்குப் பிறகு உலகத்தில் நாணயம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "பெரம்பலூர்ல ஒருத்தன் இருந்தான் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். எதை விற்கப் போனார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

தளம் நின்றது. சுந்தராம்பாள் அன்றிலிருந்து தன் காசுமாலைக்குக் கீழேதான் படுத்துத் தூங்கினாள், கழுத்தில்தான் இல்லை. கண்ணையன் மல்லாந்து படுப்பதையே விட்டுவிட்டார். மேலே பார்த்தால் தளம் தெரியும்.

தீபாவளிக்குத் தீபாவளி அவள் கேட்பாள்.

"மாலை பத்திரமா இருக்குல்ல?"

"பேங்குல பத்திரமா இருக்கு."

"அவங்க ஒண்ணும் சொல்லலையே?"

"அவங்க என்ன சொல்லப் போறாங்க?"

எப்போது மீட்பீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். கேட்காததால் அது வருடா வருடம் குட்டி போட்டது. இப்படி ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறோமே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிடுவார். அவளுடைய தம்பி, வாலிகண்டபுரத்துத் தங்கராசுவை நினைத்தால் இன்னும் மோசம். தளம் போடுவதற்கு முந்தின வருடம் ஆலையில் மூன்று மாதம் வேலைநிறுத்தம். அடுப்பு அணைய வேண்டிய நேரத்தில் தங்கராசு மூன்று மூட்டை அரிசி அனுப்பினானாம்; சுந்தராம்பாள்தான் சொன்னாள். அந்த அரிசியைத் தின்றுவிட்டு அவன் அம்மா போட்ட நகையை விற்றோமே என்று, பொங்கலுக்குப் பொங்கல் மச்சானுக்குச் சரிகைக் கரை வேட்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தங்கராசுவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டிக்கொண்டான்.

ஓய்வு பெற்றபோது சேமநிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது லட்சம் வந்தது. மறுநாள் காலையில் மருதையாறு சேமிப்பு வங்கியின் அரியலூர் கிளை மேலாளர் அறிவரசனும் வந்தார், கையில் ஒரு சால்வையோடு. கண்ணையனுக்குப் பிறந்ததிலிருந்து யாரும் சால்வை போர்த்தியதில்லை. போர்த்திய சூட்டில் பத்தொன்பதையும் 'பொன்னந்தி வைப்புத் திட்ட'த்தில் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அவர்கள் போன பிறகு பார்த்தால் சால்வையில் விலைச்சீட்டு தொங்கியது. நூற்றிருபது ரூபாய்.

அப்புறம்தான் வேதனை ஆரம்பித்தது. பணம் கையில் இல்லாதவரை குற்றம் மட்டும்தான் இருந்தது. இப்போது அதற்குப் பரிகாரமும் இருந்தது. அதே மாதிரி ஒரு மாலை செய்து, பேங்கிலிருந்து மீட்டதாகச் சொல்லி அவள் கழுத்தில் போட்டுவிடலாம். பவுன் விலையோ லட்சத்தைத் தொட்டு, தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் பேப்பரைப் பிரித்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் அவள் கழுத்திலிருந்து இன்னொரு காசைக் கழற்றியது போல இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை வங்கிக்குப் போனார். கவுண்டரில் இலக்கியா என்ற பெண் படிவத்தை நீட்டினாள்.

"வைப்பை உடைக்கணும்னா காரணம் போடணுங்கய்யா. நாலு காரணம்தான் இருக்கு. கல்யாணம், படிப்பு, வைத்தியம், மரணம்."

"மரணம்னா யாரோட மரணம்மா?"

"பணம் போட்டவரோடதுதான். அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"எனக்குத் தங்கம் வாங்கணும்."

இலக்கியா பேனாவை மூடி வைத்துவிட்டு மணியை அடித்தாள்.

மேலாளர் அறையில் அறிவரசன் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"தங்கம் ஒரு சோம்பேறி உலோகங்கய்யா. வாங்கி வச்சா வச்ச எடத்துலயே கெடக்கும். பணம் அப்படியில்ல. எங்ககிட்ட குடுத்தீங்கன்னா ஓடிக்கிட்டே இருக்கும்."

"எங்க சார் ஓடும்?"

"அது எங்களுக்கே தெரியாது. அவ்வளவு வேகம்." குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் உங்கள மாதிரி ஒருத்தர், எங்க பேச்சைக் கேக்காம வைப்பை உடைச்சுத் தங்கம் வாங்குனாரு. இப்ப அவரு கதி என்ன தெரியுமா?"

"என்னாச்சு சார்?"

"ரெண்டு மடங்காயிடுச்சு. இந்தப் பக்கமே வர்றதில்ல. மனுஷ உறவே அத்துப்போச்சு."

அவருக்குப் பின்னால் சுவரில், 'வீட்டில் தூங்கும் உங்கள் தங்கத்தை எழுப்பி எங்களிடம் அனுப்புங்கள்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. கண்ணையன் அதைப் பார்ப்பதை அறிவரசன் பார்த்தார். "அது எங்களுக்கு. எங்ககிட்ட இருந்தா அது சுறுசுறுப்பாயிடும்" என்றார்.

விதிப்படி, தங்க ஆசை கொண்ட மூத்த குடிமக்களுக்கு ஓய்வுக்கால ஆலோசகர் மூன்று அமர்வுகள் நடத்த வேண்டும். ஆலோசகர் எங்கே என்று கண்ணையன் கேட்டார். அறிவரசன் மேசை மேலிருந்த பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தார். மறுபக்கத்தில் 'ஓய்வுக்கால ஆலோசகர்' என்று இருந்தது.

"வாங்கய்யா," என்றார் ஆலோசகர், முதன்முதலாகப் பார்க்கிறவர் போல. "மேலாளர் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டாராமே? அவர் அப்படித்தான். நீங்க மனசைத் தெறந்து சொல்லுங்க. எதுக்குத் தங்கம்?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கண்ணையனிடம் கேட்டதில்லை. கேட்டதும் உடைந்துவிட்டார். அடகு என்று சொன்னது, பெரம்பலூரில் இறங்கியது, தளம், மல்லாந்து படுக்காதது, எல்லாவற்றையும் கொட்டினார். ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணையனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு சிமெண்டு மூட்டையை இறக்கியது போல இருந்தது. ஆலோசகர் பலகையைத் திருப்பினார்.

"சரி, என்ன காரணம்னு எழுதிக் குடுங்க," என்றார் மேலாளர்.

"இப்பத்தானே சார் சொன்னேன்?"

"ஆலோசகர்கிட்ட சொல்லியிருப்பீங்க. அது ரகசியம். எனக்கு எப்படித் தெரியும்?"

இப்படி மூன்று அமர்வு. மூன்றிலும் ஆலோசகர் அழுதார். மூன்று முறையும் மேலாளர் மறுத்தார். கடைசியில் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம் என்று இலக்கியா வழி சொன்னாள். அறிவரசன் எழுந்தார். மேசையைச் சுற்றிவந்து கண்ணையனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலியாகிவிட்ட மேலாளர் நாற்காலியை முறைத்தார்.

"எத்தனை நாளா உங்களை இந்த ஆளு அலையவிடறான்?"

"ஒன்பது நாளுங்க."

"எழுத்துல குடுங்க. அவன்கிட்ட நான் வெளக்கம் கேக்கறேன்."

விளக்கம் வர ஒரு வாரம் ஆனது. மேலாளர் விடுப்பில் போயிருந்தார். வந்ததும் குறைதீர் அலுவலர் கண்ணையன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பத்து லட்சத்தை உடைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: வாங்குகிற நகை இதே வங்கியின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். மீறினால் மீதி ஒன்பது லட்சம் முடக்கப்படும்.

கண்ணையனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அங்கேயே கிடக்கட்டும், பொங்கலுக்கு அவளைக் கூட்டிவந்து, மீட்டுப் பெட்டகத்தில் வைத்திருப்பதாகக் காட்டிவிடலாம். பேங்கில் இருக்கிறது என்று இத்தனை வருடம் சொன்னதும் ஒருவழியாக உண்மையாகிவிடும்.

பழைய மாதிரி காசுமாலைக்குப் பெரம்பலூரில் ஒரே கடைதான் என்று எல்லாரும் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அதே கடை. அந்தக் கடைக்காரர் மாலை போட்ட படமாகச் சுவரில் இருந்தார். மகன் ராஜராஜன் கல்லாவில் இருந்தான். கண்ணையன் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கல்யாண போட்டோவை நீட்டினார்.

ராஜராஜன் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினான். "நாப்பத்திரண்டு காசு. அச்சு அசலா செஞ்சிடலாங்க."

"புதுசா இருக்கக் கூடாது தம்பி."

"எல்லாரும் பழசைக் குடுத்துப் புதுசாக்கச் சொல்லுவாங்க."

"எனக்கு முப்பத்தஞ்சு வருஷப் பழசு வேணும். மஞ்சள் ஏறி, காசு தேஞ்சு, கொக்கி லேசா வளைஞ்சு."

ராஜராஜன் யோசித்தான். "தேய்மானத்துக்கும் தங்கம் குறையாது, சேதாரத்துல சேத்துடுவேன். அழுக்குக்குத் தனிக் கூலி."

செய்கூலி, சேதாரம், வரி, அழுக்கு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்தில் பஸ் காசு மிஞ்சியது. மாலை பெட்டகத்துக்குள் போயிற்று. அது தங்கள் சொந்த நகைதான் என்பதற்குச் சான்றாக அதே கல்யாண போட்டோவை வங்கி வாங்கி வைத்துக்கொண்டது. ஐப்பசி முழுக்கக் கண்ணையன் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

கார்த்திகையில் தபால் வந்தது. பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதற்கு வருடா வருடம் சான்று தருவது போல, பெட்டக நகைகளும் இனிமேல் உயிர்ச் சான்று தர வேண்டும். நகை நேரில் ஆஜராக வேண்டும். அதை அணிகிறவர் அணிந்து காட்ட வேண்டும்.

சுந்தராம்பாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணையன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்; தேதி எதுவும் போட்டிருக்கிறதா, எப்போது பெட்டகத்துக்கு வந்தது என்று இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இல்லை.

"எனக்கு முட்டி வலிங்க," என்றாள் அவள். "நான் எதுக்கு?"

"ஆமா, நீ எதுக்கு? நான் போய்ப் பேசிட்டு வர்றேன்," என்றார் அவர், கொஞ்சம் வேகமாகவே.

பேசிப் பார்த்தார். அணிபவர் வராவிட்டால் ஒன்பது லட்சமும் முடக்கம் என்றாள் இலக்கியா. வீட்டில் அதைச் சொன்னபோது சுந்தராம்பாள் சாமி மாடத்தின் முன்னால் நின்று ஏதோ வேண்டிக்கொண்டாள். பணத்துக்காக வேண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வங்கியே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அட்டிகை, ஆரம், ஒட்டியாணம் என்று மாட்டிக்கொண்டு கிழவிகள் வரிசையில் நின்றார்கள். வளையலுக்கு வராத காய்ச்சல் வந்ததாக விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் ஒருவர். பெட்டகத்திலிருந்து மாலை வந்தது. சுந்தராம்பாள் அதைக் கழுத்தில் போட்டு, கொக்கிப் பக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கண்ணையன் மேலாளர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை 'மேலாளர்' பக்கம் இருந்தது. ஆலோசகர் பக்கம் திரும்பாதவரை பிழைத்தோம்.

கல்யாண போட்டோவையும் எதிரில் நிற்பவரையும் ஒப்பிடுகிற இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். இலக்கியா பொத்தானை அழுத்தி, ஒலிபெருக்கியில் படித்தாள்.

"காசுமாலை, பொருந்துகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மனைவி, பொருந்தவில்லை. நூற்றுக்குப் பதினொன்று."

வரிசை முழுக்கச் சுந்தராம்பாளைத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க," என்றார் அறிவரசன். "மாலை அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. நீங்கதான் மாறியிருக்கீங்க. வங்கி எதை நம்பும், சொல்லுங்க? ஐயா, நெசமான அணிபவரைக் கூட்டிட்டு வாங்க."

கண்ணையன் சுந்தராம்பாளுக்கு முன்னால் வந்து நின்றார். "சார், அவதான் சார் அசல்," என்றார்.

"ஆதாரம்?"

முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மாலைக்கு ரசீது இருந்தது, அதைக் காட்ட முடியாது.

அறிவரசன் இளகினார். "ஒரு விதி இருக்கு. மாலை முழுக்கச் சுத்தத் தங்கமா இருந்தா, போட்டிருக்கறவங்களையும் அதோட சேத்து ஏத்துக்கலாம். பாவாடையைக் கூப்பிடு."

பாவாடை நகை மதிப்பீட்டாளர். உரைகல்லோடு வந்தார். சுந்தராம்பாள் மாலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"உரசவா? எல்லாத்தையுமா?"

"நாப்பத்திரண்டையும்மா."

"வேணாம். நான் இவரு பொண்டாட்டி இல்லைன்னே எழுதிக்குங்க. ஏங்க, வாங்க வூட்டுக்குப் போலாம்."

"என்ன பேச்சு பேசற? ஒன்பது லட்சம்!" என்றார் கண்ணையன்.

பாவாடை மாலையை வாங்கி ஒவ்வொரு காசாக உரசினார். சுந்தராம்பாள் உதட்டைக் கடித்து எண்ணிக்கொண்டே வந்தாள். கொக்கியை நெருங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாப்பத்திரண்டும் தொள்ளாயிரத்துப் பதினாறு," என்றார் பாவாடை. "சுத்தமான சரக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். "எல்லாமா?"

"எல்லாந்தான்."

"கொக்கிக்குப் பக்கத்துல, ரெண்டாவது?"

பாவாடை இன்னொரு தரம் உரசினார். "தங்கம்மா. ஏன் கேக்கறீங்க?"

சுந்தராம்பாள் பாவாடையைப் பார்த்தாள். வங்கியைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள், பித்தளையை வைத்தால் தங்கமாக்குகிற இடமா இது என்பது போல. பிறகு கண்ணையனைப் பார்த்தாள். கண்ணையன் மின்விசிறியைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெரம்பலூர் கடையில் படத்துக்குள் இருந்த மனுஷன் நினைவுக்கு வந்தார். ரெண்டாவது காசைத் தனியாகத் தூக்கிக் காட்டிய விரல். பத்துப் பேர் முன்னால் தான் கத்திய வார்த்தை. மின்விசிறி நின்றுவிட்டது போலவும் தான் சுற்றுவது போலவும் இருந்தது.

சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கண்ணையன் இரண்டு டீ சொன்னார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"வேலைநிறுத்தத்தப்ப தங்கராசு அனுப்புன அரிசி," என்றாள் சுந்தராம்பாள், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே.

"ம்."

"அவன் அனுப்பலை."

கண்ணையன் டீயைக் கீழே வைத்தார். "ஒரு காசா?"

"ஒரு காசு. அதை வித்துத்தான் அரிசி வாங்குனேன். தெரியாம இருக்கணும்னு கவரிங் காசு வாங்கிக் கோத்துட்டேன். பேங்குல உரசுனா உங்களைத்தானே திருடன்னு சொல்லுவாங்கன்னு, ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு உசிரே இருக்காது." நிமிர்ந்தாள். "நீங்க எத்தனை?"

"நாப்பத்திரண்டு."

ஒரு லாரி போயிற்று.

"ஒரு காசுக்கே எனக்கு இத்தனை வருஷம் தூக்கம் போச்சு," என்றாள். "நீங்க எப்படித் தூங்குனீங்க?"

"ஒருக்களிச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை விடக்கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியதற்குப் பிறகு அது சிரிப்பா வேறா என்று கண்ணையனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

"வைப்புலேருந்து எவ்வளவு எடுத்தீங்க?"

"பாதிக்கு மேல."

"நல்லா செஞ்சீங்க," என்றாள். அது எந்த அர்த்தத்தில் என்பதும் தெரியவில்லை.

இலக்கியா சாலையைக் கடந்து ஓடிவந்தாள். கையில் ஒரு படிவம். "ஐயா, அம்மா, ஒண்ணு விட்டுப்போச்சு. இந்த ஆபரணம் சம்பந்தமா கணவனோ மனைவியோ இதுவரைக்கும் எதையும் மறைச்சதில்லைன்னு உறுதிமொழி. ரெண்டு பேரும் போடணும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். இலக்கியா அடியில் வங்கியின் முத்திரையைக் குத்தினாள்.

மறுநாளே கண்ணையன் தனியாகப் பெரம்பலூர் போனார். ராஜராஜன் கடையில் எதுவும் வாங்கவில்லை. சுவரில் இருந்த படத்துக்கு எதிரே, இந்தத் தடவை முகத்தைக் காட்டி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். காசுமாலையில் அழுக்கு போதவில்லையோ என்று ராஜராஜன் பயந்துபோனான்.

அந்தப் பொங்கலுக்கு வாலிகண்டபுரத்துக்கு வேட்டி போகவில்லை. மாட்டுப் பொங்கல் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கராசு போன் பண்ணினான்.

"என்ன மாமா, இந்த வருஷம் வேட்டி வரலை?"

கண்ணையன் மனைவியைப் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேங்குல இருக்கு மச்சான்," என்றார். "பத்திரமா இருக்கு."